ஏழாம் தொட்டியின் பதினோரு வாரங்கள்

நத்தைக்கு மனசு உண்டா என்று நத்தையம்மாவிடம் யாராவது கேட்டால், "மொதல்ல அதுக்குப் பசி உண்டான்னு கேளுங்க, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்பாள். பத்தொன்பது வருஷம் நத்தைகளோடு குப்பை கொட்டியவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். ஆனால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கிற வழக்கம் கிடையாது. விஷயத்தைக் கண்டுபிடிக்கப் போகிறவர்களிடம்தான் கேட்பார்கள்.

நத்தையம்மா என்பது கேலிக்கு வைத்த பெயர். நாளடைவில் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவள் வேலை இதுதான். இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் ஒன்பது கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்கு ஒரு குளத்து நத்தை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, அரைமணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு தொட்டியின் முன்னும் நின்று, உள்ளே இருப்பது என்ன செய்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். கொம்பு வெளியே, கொம்பு உள்ளே. கீரை தின்றது, தின்னவில்லை. இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது, சும்மா இருந்தது. அதிகம் வருவது ‘சும்மா இருந்தது’தான். ஒரு நாளைக்கு நூறு தடவை அதை எழுதிச் சம்பளம் வாங்குகிற வேறு உத்தியோகம் உலகத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. "எங்க ஆபீஸ்ல எழுதாமலே வாங்குறாங்க" என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

பேராசிரியருக்கு ஒரே ஒரு கனவு. நத்தையின் தலைக்குள் இருபதாயிரம் நரம்பு செல்கள்தான். மனிதனுக்கு இருப்பதை எண்ணி முடிக்க ஓர் ஆயுள் போதாது, இதை எண்ணிவிடலாம். எண்ணியதை அப்படியே கணினிக்குள் கட்டி எழுப்பினால் கணினிக்கும் மனசு வந்துவிடும், இன்று நத்தை மனசு, நாளை மனித மனசு என்பது அவர் கட்சி. அது எப்படி வரும், நத்தைக்கே இருக்கிறதா என்று தெரியாதே என்று யாராவது இழுத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அவர் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

போன வருஷம் அவருக்கு ஒரு கணினிப் பொறியாளர் கிடைத்தாள். முப்பது வயது, அளந்து பேசுகிறவள், ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் அன்றைக்குத் தூங்காதவள். மூளையில் மின்கம்பி வைத்து எடுத்த அளவுகள் எல்லாவற்றையும், நத்தையம்மாவின் நூற்றுச் சொச்சம் நோட்டுகளையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாள். எந்த நத்தையை வாழ வைப்பது என்ற கேள்வி வந்தபோது, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் தொட்டியில் வாழ்ந்து மறைந்த நத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் பற்றிய குறிப்புகள்தான் விரிவாகவும் நுணுக்கமாகவும் இருந்தன என்று பேராசிரியர் நத்தையம்மாவைப் பாராட்டினார். நத்தையம்மா கீரை அலசப் போய்விட்டாள்.

திரையில் தெரிந்தது நத்தை என்று சொன்னால்தான் நத்தை. சாம்பல் நிறத்தில் ஒரு கூழாங்கல், முன்னால் இரண்டு குச்சி. வலது ஓரத்தில் வெளிச்சமாக ஒரு கட்டம், அது ஜன்னல். மேலே ஒரு கடிகாரம். நத்தையின் ஒரு நாள் நமக்கு ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். ஒரு வாரம் அது தின்றது, ஊர்ந்தது, சும்மா இருந்தது. பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் பொறியாளர் பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"சார், இது சாப்பிட மாட்டேங்குது."

"பழுதா?"

"பழுது இல்ல. அஞ்சு நாளா கீரை பக்கமே போகல. நாலு மணியானா ஜன்னல் பக்கம் திரும்பிக்குது, கொம்பை உள்ள இழுத்துக்குது. மறுநாள் ரெண்டு மணிக்குத்தான் வெளிய நீட்டுது."

பேராசிரியர் திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். கடிகாரத்தில் இரண்டானதும் குச்சிகள் மெல்ல நீண்டன. நான்கானதும் கூழாங்கல் திரும்பிக்கொண்டது. பெற்ற மகள் கல்யாணத்திலேயே கண் கலங்காத மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஏங்குதும்மா. யாருக்காகவோ காத்துக்கிட்டிருக்கு."

நத்தையம்மா கீரைத் தட்டோடு பின்னால் நின்றிருந்தாள். அது நத்தை செய்கிற வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. யார் செய்கிற வேலை என்றும் அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்கு ஒரே தங்கை. ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். சில்லறை இல்லாமல் வருகிறவர்களுக்குச் சில்லறையோடு நாலு வார்த்தையும் சேர்த்துக் கொடுக்கிற வாயாடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி என்று சேர்த்தார்கள், பதினோரு வாரம் படுக்கையில் கிடந்தாள். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பின்தெருவில்தான். பார்க்க விடுகிற நேரம் மதியம் இரண்டிலிருந்து நாலு. அந்த நேரத்தில்தான் நத்தையம்மா ஒன்பது தொட்டிகளின் முன்னால் நின்றாக வேண்டும். நின்றாளா என்றால், இல்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். எட்டு நத்தைகளுக்கு ‘சும்மா இருந்தது’ என்று போட்டால் கேட்பார் கிடையாது. ஒன்பதுக்கும் அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, முதல் நாள் கட்டில் பக்கத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்த நம்பர்?" என்று கேட்டாள் தங்கை.

"ஏழு."

"ஏழு நான். நான் சொல்றதை எழுது."

"விளையாடாதடி, இது ஆராய்ச்சி."

"நானும் ஆராய்ச்சிதான். தினம் வராங்க, பாக்குறாங்க, எழுதிக்கிட்டுப் போறாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. எழுது. சாப்பாடு வந்தது. உப்பில்லை. தொடவில்லை."

"நத்தைக்கு உப்பே ஆகாது. மேல பட்டா செத்துப்போயிடும்."

"அதுக்கும் பத்தியமா? பாவம்."

அன்றைக்கு ஆரம்பித்தது. காலை நேரத்துக் குறிப்பையும் எழுதாமல் விட்டு வைத்து, இரண்டு மணிக்கு வந்து தங்கையிடம் கேட்டு எழுதினாள். காலையில் என்ன செய்தாய் என்று கேட்க அது ஒரு சாக்காக இருந்தது. நேரே கேட்டால் தங்கை கேலி பண்ணிவிட்டுப் போய்விடுவாள், நத்தைக்காகக் கேட்டால் உண்மையைச் சொன்னாள். நாலு மணிக்கு மணி அடிக்கும். அக்கா எழுந்து போவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "அதையும் எழுதிக்கோ" என்பாள், முதுகைக் காட்டியபடியே. நத்தையம்மா வாசலில் நின்று எழுதிக்கொண்டு போவாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் நோட்டில் பொய் எழுதியது அந்த நாட்களில் மட்டும்தான். அதைத்தான் விரிவாகவும் நுணுக்கமாகவும் இருக்கிறது என்றார்கள்.

விஷயம் வெளியே பரவியது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து ‘கவலைப்படும் கணினி’ என்று எழுதிவிட்டுப் போனார். குறிப்புகள் விரிவாக இருந்த பதினோரு வாரம் ஓடி முடிந்ததும் பேராசிரியர் மேற்கொண்டு ஓட்ட விடாமல் மறுபடியும் முதல் வாரத்திலிருந்து ஓட்டச் சொன்னார், வருகிறவர்களுக்குச் சுவையான பகுதியைக் காட்டினால் போதும் என்று. அதனால் திரையில் பன்னிரண்டாம் வாரம் வரவே இல்லை. அது நத்தையம்மாவுக்கும் சௌகரியமாக இருந்தது.

முன்பு நாளைக்கு ஒரு தடவை பார்த்த தங்கையை இப்போது நாளைக்கு எட்டுத் தடவை பார்த்தாள். கடிகாரத்தில் இரண்டு ஆகிற நேரம் தெரிந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அந்தக் கட்டடத்தில் இந்த இயந்திரத்துக்கு மனசு கிடையாது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரும் இல்லாத நேரத்தில் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "இன்னைக்கு வலி தேவலையா?" என்று கேட்டவளும் அவள் ஒருத்திதான். கேட்ட பிறகு வெட்கமாக இருக்கும். அடுத்த இரண்டு மணிக்கு மறுபடியும் கேட்பாள்.

பொறியாளருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

"அக்கா, மத்த எட்டுத் தொட்டியில, பத்தொன்பது வருஷத்துல, ஒரு நத்தையாவது மணி பாத்துத் திரும்பினதா குறிப்பு இல்ல. இந்தப் பதினோரு வாரம் மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. குறிப்புல ஏதோ தப்பு இருக்கணும்."

"இருந்தா?"

"அந்தப் பக்கங்களை எடுத்துட்டு மறுபடி கத்துக்குடுத்துடுவேன்."

"அப்ப இது?"

"இது இருக்காதுக்கா. சாதாரண நத்தையா ஆயிடும்."

"கொஞ்சம்கூட மிச்சம் இருக்காதா?"

பொறியாளர் அவளை விநோதமாகப் பார்த்தாள். "மிச்சம் இருந்தா நான் வேலையைச் சரியா செய்யலைன்னு அர்த்தம்."

பேராசிரியர் இதைக் கேட்டுக் குதித்தார். வியாழக்கிழமை நிபுணர் குழு வரப் போகிறது, இந்த நேரத்தில் குட்டையைக் குழப்பாதே என்றார். அவள் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். குழுவின் முன்னால் நத்தையம்மா வந்து சொல்லட்டும். கண்ணால் பார்த்து எழுதியது என்று அவள் சொன்னால் பதினோரு வாரமும் இருக்கும். இல்லை என்றால் எடுத்துவிடலாம்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷினுக்கு மனசு இருக்கான்னு பாக்க ஒரு குழுவா? என் லிஃப்டெல்லாம் நான் பக்கத்துல நின்னா ஒழுங்கா ஓடும், நான் தெருவைத் தாண்டினா நின்னுடும். நான் குழுவா போட்டேன்? கிரீஸ்தான் போட்டேன்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அவ போயி ஆறு வருஷமாச்சு."

"தெரியும்."

"திரையில இருக்கிறது அவ இல்ல."

"அதுவும் தெரியும். எடுத்துட்டா திரும்பவும் போயிடுவா. இந்தத் தடவை நானே என் வாயால அனுப்பின மாதிரி ஆயிடும்."

அவர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அப்ப பாத்தேன்னு சொல்லிடு. ஏற்கெனவே எழுதினதுதானே, வாயாலயும் ஒரு தடவை சொல்லப் போற. புதுசா என்ன பாவம் வந்துடப் போகுது."

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். தலைவி மூளை டாக்டர், நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய அம்மாள், சிரிப்பதற்கும் சீட்டு எழுதித் தர வேண்டும் போலிருந்தார். இன்னொருவர் தத்துவப் பேராசிரியர். மனசு என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டாமா என்று ஆரம்பித்து, யாரும் முடிவு செய்யாததால் அத்தோடு அமைதியானார். மூன்றாமவர் ஓர் அதிகாரி, அவர் உள்ளே வந்தது முதல் சும்மா இருந்தார்.

நத்தையம்மாவை அழைத்தார்கள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதெல்லாம் நீங்க கண்ணால பாத்து எழுதினதுதானா?" என்று கேட்டார் மூளை டாக்டர்.

பொறியாளர் அவளையே பார்த்தாள். பேராசிரியர் தரையைப் பார்த்தார். நத்தையம்மா திரையைப் பார்த்தாள். அங்கே மணி மூன்றரை.

"பாத்து எழுதினதுதான் டாக்டர்."

பேராசிரியருக்கு மூச்சு வந்தது. மூளை டாக்டர் தலையாட்டிவிட்டு, நாலு மணிக்குக் கூழாங்கல் திரும்புவதைப் பார்த்தார். பிறகு யாரும் அதுவரை கேட்காததைக் கேட்டார்.

"பதினோரு வாரத்துக்கு அப்புறம் என்ன ஆகுது? அதைக் காட்டுங்க."

பொறியாளர் விசையைத் தட்டினாள். பன்னிரண்டாம் வாரம், முதல் நாள், காலை ஒன்பது. கூழாங்கல் குச்சிகளை நீட்டியது. நேராகக் கீரைக்குப் போனது. தின்றது. நகர்ந்தது. சும்மா இருந்தது. பத்தரைக்கு மறுபடியும் தின்றது. இரண்டு மணிக்கு ஒன்றும் செய்யவில்லை. நாலு மணிக்கு ஒன்றும் செய்யவில்லை. ஜன்னல் இருந்த பக்கமே அது போகவில்லை.

மூளை டாக்டர் பேனாவை மூடினார்.

"நாப்பது வருஷமா மூளையைப் பாத்துக்கிட்டிருக்கேன். துக்கம்னா அதுக்கு ஒரு இறக்கம் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வடியும். பதினோரு வாரம் ஏங்கின மனசு மறுநாள் காலையில எழுந்து சாப்பிட்டுட்டு நடமாடாது. இது விளக்கை அணைச்ச மாதிரி இருக்கு. உயிருள்ள மூளை இப்படிச் செய்யாது, மெஷின்தான் செய்யும்."

"நானும் அதைத்தான் யோசிச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் பேராசிரியர். நேற்று வரை ஏக்கம் ஏக்கம் என்று தலையில் தூக்கி வைத்து ஆடியவர்.

முடிவும் உடனே வந்துவிட்டது. குறிப்புகளைப் பற்றிச் சந்தேகம் இல்லை, பார்த்தவரே சாட்சி சொல்லிவிட்டார், எதையும் எடுக்க வேண்டாம். மனசு என்ற வார்த்தையை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டால் போதும். அதிகாரி முதல் ஆளாக எழுந்தார். நத்தையம்மா கேட்டது கிடைத்துவிட்டது. தங்கை திரையிலேயே இருப்பாள், நாளைக்கு எட்டுத் தடவை. வாயை மூடிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனால் போதும். அவளும் இரண்டு அடி எடுத்து வைத்தாள். ஆனால் மெஷின்தான் அப்படிச் செய்யும் என்று அந்த அம்மாள் சொன்னது அவளைப் போக விடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவளுக்கு வந்த முதல் கோபம் அது.

"சாப்பிடும் டாக்டர்" என்றாள்.

"என்னம்மா?"

"மனசு இருந்தாலும் மறுநாள் சாப்பிடும். நடமாடும். லீவு இல்லைன்னா வேலைக்கும் வரும்."

எல்லோரும் நின்றார்கள். அவள் கையைக் கட்டியபடியே சொன்னாள். பதினோரு வாரமும் தொட்டி முன்னால் நிற்கவில்லை என்றும், ஆஸ்பத்திரிக் கட்டில் முன்னால் நின்றதையும், ஏழாம் நம்பர் யார் என்பதையும், உப்பையும், நாலு மணியையும் சொன்னாள். இடையில் அவள் குரல் உடையும் என்று பொறியாளர் எதிர்பார்த்தாள். உடையவில்லை.

"கடைசி நாள் மதியம் அவ போயிட்டா. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. மறுநாள் காலையில நான் இங்க வந்துட்டேன். தொட்டி முன்னாடி நின்னேன், நத்தை என்ன பண்ணுதுன்னு கண்ணு பாக்குது, புத்தியில ஏறல. எழுதாம விட முடியாதே. அதனால நான் பண்ணினதை எழுதினேன். ரெண்டு வாய் தின்னேன், அங்க இங்க நகந்தேன், சும்மா இருந்தேன். ஜன்னல் பக்கம் போகல. அங்கேருந்து பாத்தா ஆஸ்பத்திரி தெரியும். இப்ப நீங்க திரையில பாத்தது அதைத்தான்."

மூளை டாக்டர் மூடிய பேனாவைத் திறந்து, எழுதாமல் கையிலேயே வைத்திருந்தார். பொறியாளர் நத்தையம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அப்ப அந்தப் பக்கங்களை..."

"எடுத்துடும்மா. அது நத்தை இல்ல."

"பன்னிரண்டாவது வாரம்?"

"முதல் நாளை மட்டும் எடு. மறுநாள்லேருந்து நத்தையைத்தான் பாத்தேன்."

பேராசிரியர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு காலையை அவர் மனசுக்குள் தேடுவது தெரிந்தது, கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"இதே கட்டடத்துலதானே இருந்தேன்" என்றார். "அன்னைக்குக் காலையில நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க வந்தீங்க சார். கதவைத் திறந்து, ஏழாம் நம்பர் சாப்பிட்டுச்சான்னு கேட்டீங்க. சாப்பிட்டுச்சுன்னு சொன்னேன்."